டார்சிக்கு அவள் மச்சாளா, தங்கையா? செவ்வியல் காதல் நாவலைக் கொழும்புத் தமிழ்த் தொடராக்குவது

கேள்வி இதுதான். வெள்ளவத்தைப் பக்கத்து நாடகக் குழுவொன்று ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை 1940களின் கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றில் நடக்கும் கதையாக மாற்றி, அரைமணி நேரத் தொடராக எடுக்க விரும்புகிறது. பிபிசியின் 1995 தொடரைப் பார்த்துப் பார்த்துக் காட்சிகளைத் தமிழில் எழுதிக்கொண்டு போகிறார்கள். ஆனால் மூன்றாம் பகுதியிலேயே கதை ஒட்டாமல் நிற்கிறது. பிழை எங்கே, எத்தனை பகுதியாகப் பிரிப்பது, படப்பிடிப்பில் எதைக் கவனிப்பது?

பிழை வசனத்தில் இல்லை. இந்த நாவல்களில் காதல் இரண்டு வேலிகளுக்கு நடுவேதான் நடக்கிறது: யார் யாருக்கு என்ன முறை, எந்தச் சொத்து யாருக்குப் போகும். ஆங்கில வேலிகளை அப்படியே நட்டுவிட்டுத் தமிழ் ஆட்களை உள்ளே விட்டால், பார்ப்பவருக்கு எங்கோ நெருடும். எங்கே என்று சொல்லத் தெரியாது. ஆகவே ஒரு வசனமும் எழுதுமுன் உறவுமுறைப் பட்டியல் ஒன்றை எழுதுங்கள்.

கதாநாயகன் டார்சியிலிருந்து தொடங்குவோம். சீமாட்டி கேத்தரின் தன் மகளை டார்சிக்கென்று தொட்டிலிலேயே பேசி வைத்ததாகச் சொல்கிறாள். நாவலில் அவள் டார்சியின் தாயுடைய சகோதரி. அப்படியானால் தமிழில் அவள் பெரியம்மா அல்லது சின்னம்மா. அவள் மகள் டார்சிக்குத் தங்கை. தங்கையைக் கலியாணம் பேசுகிற பெரியம்மாவை எந்தத் தமிழ் வீட்டில் காட்டுவீர்கள்? அவளைத் தகப்பனின் சகோதரியாக, மாமியாக மாற்றுங்கள். மகள் உடனே உரிமையுள்ள மச்சாளாகிவிடுவாள். இதில் இழப்பு எதுவும் இல்லை, கதைக்குப் பலம்தான் கூடுகிறது. ஆங்கில வாசகருக்குக் கேத்தரின் அடாவடிக்காரி மட்டுமே. தமிழ்ப் பார்வையாளருக்கோ அவள் பக்கம் நியாயமும் இருக்கும், ஏனென்றால் 'முறைப்பெண் இருக்க வெளியில் பெண் எடுப்பதா' என்ற கேள்வி நம் வீடுகளில் உண்மையாகக் கேட்கப்பட்ட கேள்வி. கடைசியில் நாயகி அவளுக்கு எதிர்நின்று கதைக்கும் காட்சியின் கனம் இரட்டிப்பாகும்.

அடுத்தது கொலின்ஸ். ஆண்வாரிசு இல்லாத வீட்டின் சொத்து அவனுக்குப் போகப்போகிறது. தகப்பன் வழிப் பங்காளியாக அவனை வைத்தால், நாயகிக்கு அவன் அண்ணன் முறை அல்லது சித்தப்பா முறை. அவன் பெண் கேட்டு வருவது நகைச்சுவையாக இராது, அருவருப்பாக இருக்கும். மாமி மகன், மச்சான் என்று வைத்துவிடுங்கள். கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு என்று ஊரே நினைக்கும். மறுப்பதற்கு நாயகிக்குத் துணிவு வேண்டும். அதுதான் அந்தக் காட்சிக்குத் தேவை.

மற்ற நாவல்களையும் இந்தத் தராசில் ஒருமுறை வைத்துப் பார்த்தால் எது எளிது, எது கடினம் என்பது விளங்கும். 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' ஏறத்தாழ முடியாத காரியம்: கடைசியில் மணம் செய்துகொள்ளும் ஃபேனியும் எட்மண்டும் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள். தாய்மாரில் ஒருத்தியை மாற்றாமல் அந்தக் கதையைத் தொடவே கூடாது. 'ஜேன் அயர்' அதற்கு நேர்மாறு. கொடுமைக்கார ரீட் சீமாட்டி ஜேனின் தாய்மாமன் மனைவி. நம் கதைகளுக்கு மிகப் பழகிய மாமி. பிற்பகுதியில் ஜேனைப் பெண் கேட்கும் செயின்ட் ஜான் அவள் தகப்பனுடைய சகோதரியின் மகன், அசல் மச்சான். ஆங்கிலத் திரைப்படங்கள் பெரும்பாலும் சுருக்கிவிடுகிற பகுதி அது. தமிழில் அதை நீட்டினாலும் தாங்கும். 'வதரிங் ஹைட்ஸ்' இன்னும் ஆச்சரியம். இரண்டாம் தலைமுறைக் கேத்தி முதலில் மணப்பது மாமி மகனை, பிறகு மனம் கொள்வது மாமா மகனை. யாரும் ஒரு கோட்டைக்கூட மாற்றி வரைய வேண்டாம். ஆனால் முதல் தலைமுறையில் ஹீத்கிளிஃப் அதே வீட்டில் பிள்ளைபோல் வளர்கிறான்; அவன் தான் விரும்பும் அந்த வீட்டு மகளை 'தங்கச்சி' என்று ஒருமுறைகூடக் கூப்பிடாதபடி எழுத வேண்டும். 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யில் நாயகி விரும்பும் எட்வர்ட், அவள் அண்ணியுடைய சகோதரன். மாற்றுச் சம்மந்தம் நமக்குப் பழகியது என்பதால் அங்கும் தடையில்லை. அந்த நாவலின் கதை 2000இல் தமிழ்த் திரைப்படமாக வந்தபோது இயல்பாகப் பொருந்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனிச் சொத்து. நாவலில் தகப்பனுக்கு ஆண்டுக்கு 2,000 பவுண் வருமானம், ஐந்து பெண்கள், காணி ஆண்வாரிசுக்கு மட்டும். இந்த ஏற்பாடு யாழ்ப்பாணத் தமிழருக்குப் பொருந்தவே பொருந்தாது. 1707இல் தொகுக்கப்பட்ட அவர்களுடைய வழமைச் சட்டமான தேசவழமையில் பெண்ணுக்குச் சீதனமாக வீடும் காணியும் போவது வழமை. மகன் இல்லாத தகப்பனின் சொத்து மகள்மாரைத் தாண்டி வேறெங்கும் போகாது. 'சட்டப்படி வீடு மச்சானுக்கு' என்று வசனம் எழுதினால் ஊரில் ஒரு நொத்தாரிசுகூட ஒப்புக்கொள்ள மாட்டார்.

பதிலுக்கு ஒற்றியைப் பயன்படுத்துங்கள். ஒற்றி என்பது வட்டிக்குப் பதிலாகக் காணியின் பயனைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பது. பணம் திரும்பும்வரை காணி அவர் கையில். தகப்பன் கொழும்பில் அரசாங்கக் குமாஸ்தா, வெள்ளவத்தையில் வாடகை வீடு. ஊரில் இருக்கும் ஒரே வீடும் வளவும் மாமி மகனிடம் ஒற்றியில். மூத்தவளின் சீதனம், அடுத்தவளின் படிப்பு என்று வாங்கிய கடன் மீட்கப்படாமல் கிடக்கிறது. தகப்பன் ஓய்வுபெற்றால், அல்லது இறந்தால், திரும்பிப்போக வீடில்லை. மச்சான் ஒரு பெண்ணைக் கட்டினால் ஒற்றி தீரும். தாய் ஏன் இரவு பகலாகக் கலியாணத்தைப் பற்றியே கதைக்கிறாள் என்பதற்கு இனி விளக்கமே தேவையில்லை. 'ஐந்து பெண் பெற்றால் அரசனும் ஆண்டி' என்ற பழமொழி போதும்.

அந்தத் தாயைப் பற்றி ஒன்று. அவளைக் கோமாளியாக்காதீர்கள். தமிழ் மேடையில் அது மிகச் சுலபமாக நடந்துவிடும். ஐந்து பெண்களுக்கும் சீதனமும் மாப்பிள்ளை வீட்டுக்கு 'டொனேசன்' பணமும் எண்ணிப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். தகப்பன் புத்தகத்துக்குள் ஒளிந்துகொண்டவர். நடிகைக்கு இதைச் சொன்னால் போதும், மிகை நடிப்பு பாதி குறையும்.

காலத்தை 1941–42 என்று வைப்பது நல்ல தெரிவு. நாவலின் படைப்பிரிவுக்கு ஈடாகச் சிலோன் இலகு காலாட்படை இருக்கிறது, நயமாகப் பேசி ஏமாற்றும் படைக்காரன் விக்கமுக்குச் சீருடை கிடைக்கிறது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. குடும்பங்கள் நகரைவிட்டு வெளியேறின. அந்தக் கலவரத்தை எங்கே வைப்பது என்பதில் கவனம் தேவை. மூத்தவளை விரும்பும் பிங்லி, டார்சியின் நண்பன், நகரைவிட்டுப் போவதற்குக் குண்டுவீச்சைக் காரணமாக்கினால் காரியம் கெட்டது. 'யுத்தத்தால் போனான்' என்று பார்ப்பவர் மன்னித்துவிடுவார், மூத்தவளின் காயம் பொய்யாகிவிடும். அவன் பெப்ரவரியிலேயே காரணம் சொல்லாமல் போகட்டும். ஏப்ரல் குழப்பத்தைக் கடைசித் தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போகும் இடத்துக்கு வையுங்கள். எல்லோரும் இடம்மாறிக்கொண்டிருக்கும் ஊரில் ஒரு பெண்ணைத் தேடுவது எவ்வளவு கடினம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நடனத்துக்கு என்ன செய்வது என்பதில்தான் பல முயற்சிகள் சறுக்குகின்றன. கலியாண வீட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வார்கள். ஆனால் நாவலில் நடனம் அலங்காரம் அல்ல, வசதி: ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் ஆணும் பெண்ணும் யாரும் குறைசொல்ல முடியாதபடி அரைமணி நேரம் கதைக்கலாம். அந்த வசதியைத் தரக்கூடிய நம்முடைய விஷயம் எது? என் தெரிவு 304 சீட்டாட்டம். நாலு பேர், எதிரெதிரே இருப்பவர் கூட்டாளி, 32 சீட்டு, ஆளுக்கு எட்டு. துரும்பைச் சொன்னவர் அதைக் கவிழ்த்து வைப்பார். உரிய நேரம் வரும்வரை மற்றவருக்குத் தெரியாது. மழைக்கு அடைபட்ட வீட்டில் நாயகியையும் டார்சியையும் கூட்டாளிகளாக உட்கார வையுங்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தேயாக வேண்டும், ஒருவர் மனதை மற்றவர் கணிக்க வேண்டும், கையில் இருப்பதைச் சொல்லக்கூடாது. பிங்லியின் வீடான நெதர்ஃபீல்டில் நடக்கும் காட்சிகளை ஒரே மேசையில் எடுத்துவிடலாம். டார்சி நாயகியைத் தாழ்த்திச் சொல்வது அவள் காதில் விழும் முதல் அவமதிப்புக்கு மட்டும் கூட்டம் வேண்டும். அதற்கு ஆடிவேல் இரவு பொருந்தும். சனநெரிசலில் பின்னால் நிற்பவர் சொல்வது காதில் விழுவது இயல்பு. மூத்தவள் நோய்ப்படும் இடத்தில் குதிரைக்குப் பதிலாக ரிக்‌ஷா: மழை வரும் என்று தெரிந்தே தாய் மூடியில்லாத ரிக்‌ஷாவில் அனுப்பட்டும்.

இனிப் பகுதி பிரிப்பது. நாவலில் 61 அத்தியாயங்கள். 1995 தொடர் ஆறு பகுதி, மொத்தம் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம். அரைமணி இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடம் கிடைக்கிறது என்று கொண்டால் 15 பகுதி. இதுவே சரியான அளவு. தினத்தொடராக 200 பகுதிக்கு இழுக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தக் கதையில் வெளியில் இருந்து வரும் பெரிய சம்பவம் லிடியா ஓடிப்போவது ஒன்றுதான். இழுக்க வேண்டுமென்றால் விக்கம் நஞ்சு கலக்க வேண்டும், கேத்தரின் ஆள் வைத்துக் கடத்த வேண்டும். நாயகி தன் கணிப்புப் பிழை என்று உணர்வதற்கு இடமே இராது.

61ஐ 15ஆல் வகுத்து நாலு நாலு அத்தியாயமாக வெட்டுவது அடுத்த பிழை. பக்கத்தை எண்ணாதீர்கள், நாயகிக்குப் புதிதாக ஒன்று தெரியவரும் இடங்களை எண்ணுங்கள். அவை திட்டவட்டமாக இருக்கின்றன. அவமதிப்பைக் கேட்பது 3ஆம் அத்தியாயம். விக்கம் சொல்லும் பொய்க்கதை 16. பிங்லி போய்விட்ட செய்தி 21. அக்காவின் சம்மந்தத்தைக் கலைத்தவன் டார்சிதான் என்று வாய்தவறி வருவது 33. டார்சி பெண் கேட்பது 34, அவள் மறுத்தபின் அவன் தரும் கடிதம் 35. பழைய வேலைக்காரியின் வாயால் டார்சியின் நற்குணம் 43. தங்கை ஓடிய செய்தி 46. அதை மூடிமறைக்கப் பணம் கொடுத்தவன் யார் என்பது 52. கேத்தரின் வந்து மிரட்டுவது 56. ஒவ்வொரு பகுதியின் கடைசி ஒரு நிமிடமும் இவற்றில் ஒன்றில், அல்லது அதற்கான வாசலில் முடிய வேண்டும். 1995 தொடர் மூன்றாம் பகுதியைப் பெண் கேட்கும் காட்சியில் முடித்து, கடிதத்தை நான்காவதுக்கு வைத்தது. உங்கள் கணக்கில் 8ஆம் பகுதி அங்கே முடிந்து, 9ஆவது கடிதத்தோடு திறக்கட்டும். நடுவில் ஒரு வாரம் பார்ப்பவரும் நாயகியைப் போலவே கோபத்தோடு இருக்க வேண்டும். திரைப்படத்துக்கு இந்த வாரம் கிடைக்காது. தொடருக்குக் கிடைக்கிற பெரிய வரம் அதுதான்.

அதே தொடரில் திரைக்கதை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் செய்த ஒரு மாற்றத்தைப் பின்பற்ற வேண்டாம் என்பேன். டார்சி லண்டனில் லிடியாவைத் தேடி அலைவதை அவர் முன்கூட்டியே காட்டிவிட்டார். நாயகனுக்கு வேலை கொடுப்பதற்கு அது உதவியது, அவருடைய தொடருக்குப் பொருந்தியும் இருந்தது. ஆனால் 52ஆம் அத்தியாயத்தில் மாமியின் கடிதம் வரும்போது நாயகிக்கு மட்டுமே அது செய்தி, நமக்கு இல்லை. ஆங்கிலப் பார்வையாளரில் பலருக்குக் கதை முன்பே தெரியும், அதனால் இழப்புக் குறைவு. உங்கள் பார்வையாளரில் பெரும்பாலோர் இந்தக் கதையை முதன்முறை கேட்கப்போகிறார்கள். அந்த அதிர்ச்சியை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள்.

இல்லாத காட்சியைச் சேர்க்கவே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. எலிசபெத் காஸ்கெல்லின் 'நோர்த் அண்ட் சவுத்' நாவலை பிபிசி 2004இல் நாலு பகுதியாக எடுத்தபோது, திரைக்கதை எழுதிய சாண்டி வெல்ச் தொடக்கத்திலேயே ஆலை முதலாளி தொழிலாளி ஒருவனை அடிப்பதாக ஒரு காட்சியைச் சேர்த்தார். நாவலில் அது இல்லை. ஆனால் பஞ்சு பறக்கும் ஆலைக்குள் புகைபிடித்தவனைத்தான் அடிக்கிறான்; தீப்பிடித்தால் எல்லோரும் சாவார்கள் என்ற நியாயம், அதைப் பார்த்து அவனை வெறுத்த நாயகிக்குப் பிறகுதான் தெரிகிறது. வெறுப்புக்குக் கண்ணால் கண்ட காரணம் ஒன்று, அதைத் திருப்பிப்போடும் உண்மை ஒன்று. சேர்க்கிற காட்சி இப்படி இரண்டு வேலை செய்தால் சேருங்கள்.

கடிதம் படமாக்கக் கடினமானது, ஆனால் தமிழில் உங்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு கருவி இருக்கிறது: பேச்சும் எழுத்தும் வேறு வேறு. வாயால் கதைக்கும்போது தடுமாறி, வெட்டிவெட்டிப் பேசுகிறவன் எழுத்துத் தமிழில் நிதானமாக, ஒழுங்காக எழுதுகிறான். பார்ப்பவர் அந்த இடத்தில்தான் அவனுடைய மறுபக்கத்தைக் கேட்கிறார். கடிதத்தைப் பேச்சுத் தமிழுக்கு 'இயல்பாக்கி' விடாதீர்கள். முழுக் கடிதம் குரலாக வந்தால் ஏழெட்டு நிமிடம் போகும், தாங்காது. அக்காவைப் பற்றிய குற்றச்சாட்டுக்குப் பதிலை அவள் வாசிக்கட்டும். அந்தக் கட்டத்தில் அவள் கோபப்பட்டுத் தாளை மடித்து வைக்கட்டும். விக்கம் பற்றிய பாதியை மீண்டும் எடுக்கும்போது மட்டும் பழைய காட்சிகள் வரட்டும். இரண்டு பாதிக்கும் தலா இரண்டு நிமிடம் போதும்.

முன்னிலைச் சொற்களுக்கும் ஓர் அட்டவணை போடுங்கள். யாழ்ப்பாணப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி உண்டு. மச்சான் கொலின்ஸ் வந்த அன்றே 'நீர்' என்பான், உரிமை எடுத்துக்கொள்கிறான். விக்கம் இரண்டாம் சந்திப்பில் 'நீர்' என்று நழுவுவான், அவளுக்கு அது பிடிக்கும். டார்சி 14 பகுதிகளிலும் 'நீங்கள்' மட்டுமே. முதல்முறை பெண் கேட்கும்போது 'நான் உங்களைக் காதலிக்கிறேன்' என்று எழுதினால் மொழிமாற்றுப் படம் போலிருக்கும். "உங்கட வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். அதெல்லாத்தையும் யோசிச்சு, விட்டிட்டுத்தான் வந்தனான்" என்று அவன் சொன்னால் போதும். காதலும் அவமதிப்பும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. கடைசிப் பகுதியில் அவள் சம்மதித்த பின் முதன்முறையாக 'நீர்' என்று அவன் வாயில் வரட்டும். அதற்குமேல் காதல் வசனம் ஒன்றும் வேண்டாம்.

படப்பிடிப்புக் கணக்கு. 1995 தொடர் 20 வாரம் எடுக்கப்பட்டது. வாரம் ஐந்து நாள் என்றால் நாளொன்றுக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று அதிகம். உங்களுக்கு அந்த வசதி இராது. நாளுக்கு நாலரை நிமிடம் என்று வைத்தால் ஒரு பகுதிக்கு ஐந்து நாள், மொத்தம் 75 நாள். எட்டு நிமிடம் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு காட்சிக்கும் ஒரே கோணம், மறுபேச்சுக்காரரின் முகம் இல்லை என்று பொருள். இந்தக் கதையில் கேட்கிறவர் முகம்தான் காட்சி. ஆகவே குறைக்க வேண்டுமானால் இடங்களைக் குறையுங்கள், கோணங்களைக் குறைக்காதீர்கள்.

வெளிப்புறக் காட்சிகளை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடியுங்கள். மே தொடங்கித் தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை, காலையில் எடுத்ததோடு மாலையில் எடுத்தது சேராது. 1942இன் வெள்ளவத்தையை இன்றைய தெருவில் தேடாதீர்கள். மின்கம்பி, குளிரூட்டிப் பெட்டி, கண்ணாடிக் கட்டடம் எல்லாம் சட்டகத்துக்குள் வந்துவிடும். பழைய வீடொன்றின் விறாந்தை, முற்றம், கிணற்றடி மூன்றும் கிடைத்தால் தொடரில் பெரும்பகுதி முடிந்துவிடும். இரவுத் தெருக் காட்சிக்கு யுத்தகால விளக்கணைப்பே துணை: இருட்டில் ஓர் அரிக்கன் விளக்கு போதும், இன்றைய நகரம் மறைந்துவிடும்.

ஒலிதான் கொழும்பில் அதிகம் கெடுவது. விடியலிலும் அந்திப்பொழுதிலும் காகங்கள் விடாது கரையும். மென்மையான வெளிச்சமும் அதே நேரத்தில்தான். அந்த நேரத்தில் வசனமில்லாத நடைகளை எடுங்கள், கதைக்கும் காட்சிகளை முற்பகலுக்கு வீட்டுக்குள் வையுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடென்றால் ரெயில் நேர அட்டவணை உதவி இயக்குநர் கையில் இருக்க வேண்டும். பட்டுச் சேலையில் சட்டை மைக்கை மாட்டினால் ஒவ்வொரு அசைவும் சரசரக்கும். பருத்திச் சேலை கொடுங்கள் அல்லது தலைக்கு மேலே தடியில் மைக்கைப் பிடியுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நொடிக்கு 25 சட்டகம், ஷட்டர் நொடியில் 50இல் ஒரு பங்கு என்று வைக்காவிட்டால் சில விளக்குகளின் கீழ் படம் துடிக்கும், பிறகு திருத்துவது பெரும்பாடு.

உரிமை விடயம் சுருக்கமாக. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுவரை பதிப்புரிமை. ஆஸ்டின் 1817இல் இறந்தவர், மூலநாவலுக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் பின்னாளில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் உரிமை தனியாக உண்டு. அதிலிருந்து வசனத்தை எடுக்காதீர்கள். 1995 தொடரில் டார்சி குளத்தில் இறங்கிவிட்டு ஈர உடையோடு நாயகி எதிரில் வரும் காட்சியும் நாவலில் இல்லாதது, அந்தத் தொடருக்காகப் புதிதாக எழுதப்பட்டது. அதைக் கிணற்றடிக்கு மாற்றி எடுத்தால் வழக்கும் வரலாம். அதைவிட, பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எழுதிய மூன்று பகுதிகளையும் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, 8ஆம் பகுதியின் பெண் கேட்கும் காட்சியை மட்டும் முதலில் எழுதுங்கள். ஆறு நிமிடம், ஒரு விறாந்தை, இரண்டு நாற்காலி. இருவரையும் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லி, கடிகாரம் பிடித்து, கைபேசியிலேயே எடுத்துப் பாருங்கள். நாவலைப் படிக்காத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, 'இவன் ஏன் இப்படிக் கதைக்கிறான், அவள் ஏன் வேண்டாம் என்கிறாள்' என்று கேளுங்கள். ஒற்றி, மச்சாள் உரிமை, அக்காவின் சம்மந்தம் மூன்றையும் அவர் தாமாகச் சொன்னால் முதற்பகுதிக்குத் திரும்பலாம். ஒன்று விடுபட்டாலும், அதை எந்தப் பகுதியில் முன்பே விதைக்க வேண்டும் என்று பட்டியலில் குறித்துவிட்டு அந்தக் காட்சியையே மறுபடி எழுதுங்கள்.